இன்டர்கூலருக்கு எந்தப் பம்ப் வாங்கலாம்?

வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் இருப்பது டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் கார், எஸ்டி205 மாடல். இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) தண்ணீரில் குளிரும் வகை. அந்தத் தண்ணீரைச் சுற்றவிட, ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) வாங்கிப் போட்டிருந்த பம்ப் இப்போது நின்று நின்று ஓடுகிறது. கெந்திங் மேடு ஏறி நிறுத்தினால் இன்டர்கூலரில் கை வைக்க முடியவில்லை; செராஸ் நெரிசலைச் சொல்லவே வேண்டாம்.

பாஷ் பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் தள்ளும் என்கிறார்கள். அது குறைந்த அழுத்தத்தில். ரேடியேட்டர், நீண்ட குழாய், வளைவுகள் எல்லாம் சேர்ந்தபின் எவ்வளவு மிஞ்சும்? பியர்பர்க் சிடபிள்யூஏ 50 பம்பில் இருப்பது பிரஷ் (உரசித் தேயும் கரித்துண்டு) இல்லாத மோட்டார், நீண்ட நாள் உழைக்கும். விலைதான் கையைக் கடிக்கிறது. யாராவது பொருத்தியிருக்கிறீர்களா? இந்த வகைப் பம்ப் தானாக உறிஞ்சாது என்பதால் தொட்டிக்குக் கீழே எங்கே மாட்டினீர்கள்?

பெயரில்லாத மலிவுப் பம்பைப் பரிந்துரைக்க வேண்டாம், தயவுசெய்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் அசல் பொருள் எங்கே கிடைக்கும், எத்தனை வெள்ளி ஆகும் என்றும் சொல்லுங்கள்.