மறுமொழி: நங்கூரமிட்டு நின்று வழிகாட்டும் கப்பலுக்கு என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரத்து ஆசிரியை தம் மாணவர்களுக்கான பாடக்குறிப்புக்காகக் கேட்ட சொல்லுக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: ஒளிக்கப்பல், நங்கூர விளக்கு, மிதக்கும் கலங்கரை விளக்கம், விளக்குக் கப்பல். ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு கலம் காணாத நாம் கடற்சொல்லுக்கு மல்லுக்கட்டுகிறோமே என்று ஓசூர் நண்பர் கேலி செய்திருந்தார். கேட்டவர் நம்மவர், எனவே நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒளிக்கப்பலை உடனே தள்ளிவிடலாம். விழாவுக்குச் சரவிளக்கு கட்டிய கப்பலும் ஒளிக்கப்பல்தான். நங்கூர விளக்கு வேண்டாம். நங்கூரமிட்டு நிற்கும் எந்தக் கப்பலும் இரவில் ஏற்றியாக வேண்டிய விளக்கு ஒன்று உண்டு, அந்தப் பெயரை அதற்கே விட்டுவைப்போம். மிதக்கும் கலங்கரை விளக்கம் என்பது விளக்கவுரையே தவிரச் சொல் அன்று.

மீதியிருப்பது விளக்குக் கப்பல். பெரும்பாலானோர் இதையே ஆதரிக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல, அந்தக் கப்பல் என்ன வேலை செய்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மணல்திட்டு இடம்பெயரும் கடலில் கோபுரம் எழுப்ப முடியாது. இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம்; அடியில் அஸ்திவாரத்துக்கு உறுதியான தரை கிடையாது, மேலே கப்பல்களின் நெரிசல். இத்தகைய இடங்களுக்குத்தான் கப்பலையே நிறுத்தினார்கள். முதலில் நின்றது தேம்ஸ் முகத்துவாரத்தில், நோர் என்னும் மணல்திட்டருகே, 1732இல். ராபர்ட் ஹாம்ப்ளின், டேவிட் ஏவரி என்ற இருவர் ஒரு சிறு கப்பலை நங்கூரமிட்டுக் குறுக்குமரத்தில் இரண்டு விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். தருமம் ஒன்றும் இல்லை. கடந்துபோகும் கப்பல்களிடம் கட்டணம் வாங்கும் தொழில் அது. கலங்கரை விளக்கங்களைக் கவனித்துவந்த டிரினிட்டி ஹவுஸ் அதை எதிர்த்தும் பார்த்தது. நம் நாட்டிலும் கல்கத்தாவுக்குச் செல்லும் கப்பல்களுக்காக ஹூக்ளி முகத்துவாரத்தில் இவை நின்றன.

1732இல் பெயர் வைத்திருந்தால் விளக்குக் கப்பல் போதும். ஆனால் கப்பல் அதோடு நிற்கவில்லை. பகலில் விளக்குக்கு வேலையில்லை. சிவப்பு வண்ண உடலும், அதில் ஆள் உயர வெள்ளை எழுத்துமே அடையாளம். மூடுபனியில் விளக்கும் உதவாது, வண்ணமும் உதவாது. அப்போது மணியோ ஊதுகொம்போ ஒலித்தது. பிறகு கம்பியில்லாத் தந்தி வந்தது. கிழக்கு குட்வின் கப்பலில் மார்க்கோனியின் கருவி 1898இல் பொருத்தப்பட்டது. 1899 மார்ச்சில் எல்பே என்ற வணிகக் கப்பல் அந்தத் திட்டில் தரைதட்டியபோது, கரையிலிருந்து உயிர்காப்புப் படகை வரவழைத்தது அந்தக் கருவிதான். அடுத்த மாதமே வேறொரு கப்பல் வந்து இதன்மீதே மோத, தனக்கே உதவி கேட்க வேண்டியதாயிற்று!

மோதல் என்றதும் நான்டக்கெட்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் செல்லும் கப்பல்கள் முதலில் தேடும் அடையாளம் அது. அங்கு நின்ற 117ஆம் எண் கப்பல் ரேடியோ சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். 1934 மே 15 அன்று அடர்ந்த மூடுபனி. டைட்டானிக்கின் உடன்பிறப்பான ஒலிம்பிக் அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு வந்தது. திசை சற்றும் பிசகாமல் வந்து கப்பலையே பிளந்துவிட்டது. பதினொருவரில் ஏழு பேர் இறந்தார்கள். தொப்பூர் கணவாயில் பழுதாகி நிற்கும் லாரியின் எச்சரிக்கை விளக்கையே நோக்கிப் பின்னால் வருபவர் ஓட்டிவருவதைப் போல. அன்று அந்த ஏழு பேரைக் கொன்றது விளக்கு தெரியாமல் போனது மட்டுமல்ல, அழைப்பு மிகச் சரியாகக் கேட்டதும்தான்.

இந்த 'அழைப்பு'தான் என் வாதம். கலங்கரை என்பதில் உள்ள கரை, கடற்கரை அன்று. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரை. பெரும்பாணாற்றுப்படை, மாடத்தில் இரவில் கொளுத்திய தீயைப் பற்றிப் பேசும்போது "ஓடுகலம் கரையும் துறை" என்கிறது. ஓடும் கலங்களைத் தீ அழைக்கிறது. சிலப்பதிகாரத்தின் 'கலங்கரை விளக்கம்' இதே பொருளில் வந்ததுதான். ஆகவே "கரையே இல்லாத நடுக்கடலில் நிற்பதற்குக் கலங்கரை எப்படிப் பொருந்தும்?" என்ற ஓசூர் நண்பரின் கேள்விக்கு இடமில்லை. விளக்கு, ஊதுகொம்பு, ரேடியோ மூன்றும் செய்வது கரைதலே. விளக்கு என்று பெயரிட்டால் மற்ற இரண்டும் வெளியே நிற்கின்றன.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 1927ஆம் ஆண்டின் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம், விளக்கேந்திய கப்பல், மூடுபனி ஒலிக்கருவி, மிதவை எல்லாவற்றையும் கலங்கரை விளக்கம் என்ற வரையறைக்குள்ளேயே அடக்கியது. 2021இல் வேறு சட்டம் வந்துவிட்டது, அது தனிக்கதை.

எனவே என் பரிந்துரை: கலங்கரை கப்பல். ஆளில்லாமல் இயங்குவது ஆளில்லாக் கலங்கரை கப்பல். பிரிட்டனில் இன்றும் நிற்பவை இவையே. அமெரிக்காவில் நான்டக்கெட்டின் கடைசிக் கப்பலும் 1985இல் விடைபெற்றுவிட்டது. கப்பலுக்குப் பதிலாக வந்த பெரிய தானியங்கி மிதவை, கலங்கரை மிதவை. கப்பல் நிற்கும் இடத்துக்கு 'நிலை' என்ற சொல்லும் தேவை. ஏனென்றால் கப்பலின் உடலில் எழுதியிருப்பது அது நிற்கும் இடத்தின் பெயர்; அமெரிக்கக் கப்பலுக்குச் சொந்தமாக இருந்தது எண் மட்டுமே. ஒரு கப்பல் பழுதுபார்க்கப் போனால், பதிலுக்கு வந்து நிற்பதன் உடலில் 'ரிலீஃப்' என்று எழுதியிருக்கும். அதற்கு 'மாற்றுக் கப்பல்' என்றால் சப்பென்று இருக்கிறது. நல்ல சொல் இருப்பவர்கள் தாருங்கள்.

ஒற்று எங்கே என்று கேட்டு இன்றிரவே கடிதங்கள் வரும், தெரியும். கலங்கரைக் கப்பல் என்று எழுதினால் கரை பெயர்ச்சொல்லாகிவிடும். இங்கே அது வினை. கரைந்த, கரைகின்ற, கரையும் கப்பல் என்று விரியும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அலைகடல் என்கிறோம், அலைக்கடல் என்பதில்லை. நம் உழவர்கள் சந்தைக்குக் கொண்டுபோவது விளைபொருள். அதில் யாரும் ப் சேர்ப்பதில்லை. ஒற்று வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து விதியோடு வாருங்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

தருமபுரியிலிருந்து