இரட்டை எம்.2 அடாப்டர் கார்டு: ஒரு எஸ்எஸ்டி மட்டும் தெரிகிறது, நெட்வொர்க்கும் போய்விட்டது

கேள்வி

உபுண்டு சர்வர் 22.04. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் புராசஸரோடு நேராக இணைந்த எக்ஸ்16 ஸ்லாட்டில் இரண்டு எம்.2 எஸ்எஸ்டி பிடிக்கும் எக்ஸ்8 அடாப்டர் கார்டைச் சொருகியிருக்கிறேன். இரண்டுமே என்விஎம்இ (பிசிஐஇ ஸ்லாட் வழியாகவே பேசும் வகை). ஆனால் முதல் சாக்கெட்டில் இருப்பது மட்டும்தான் எல்எஸ்பிஎல்கே-யில் (டிஸ்க் பட்டியல் காட்டும் கட்டளை) வருகிறது. இடம் மாற்றிப் போட்டால் மற்றது வருகிறது, ஆக எஸ்எஸ்டிகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. போதாக்குறைக்கு நெட்வொர்க்கும் இல்லை. கார்டைக் கழற்றினால் திரும்பிவிடுகிறது. டிரைவர் ஏதாவது போட வேண்டுமா, கார்டே கோளாறா?

பதில் 1

டிரைவர் வேண்டாம். என்விஎம்இ டிரைவர் கெர்னல் 3.3-லிருந்தே லினக்ஸுக்குள் இருக்கிறது. கார்டும் கோளாறாக இருக்காது.

இந்த வகைக் கார்டில் லேன்களை (ஸ்லாட்டின் தரவுப் பாதைகள்; எக்ஸ்16-ல் 16, எக்ஸ்8-ல் 8) பங்கிட்டுத் தரும் சிப் கிடையாது, வெறும் தடம்தான். முதல் 4 லேன் ஒரு சாக்கெட்டுக்கு, அடுத்த 4 இன்னொன்றுக்கு. ஸ்லாட்டில் ஒரே சாதனம்தான் இருக்கிறது என்று மதர்போர்டு எண்ணிக்கொள்வதால் முதல் 4 லேனோடு நின்றுவிடுகிறது. பயாஸில் பைஃபர்கேஷனை, அதாவது ஸ்லாட்டின் லேன்களைப் பிரிக்கும் முறையை, மாற்ற வேண்டும். அந்த மெனுவின் பெயர் போர்டுக்குப் போர்டு வேறு. ஆட்டோ, 8-8, 8-4-4, 4-4-4-4 என்று தெரிவுகள் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது 4-4-4-4. பலர் 8-4-4 போட்டுவிட்டு அப்புறம் கார்டைத் திட்டுவார்கள். அதில் பெரும்பாலும் முதல் 8 லேன் பிரியாமல் அப்படியே இருக்கும், பின்பாதிதான் இரண்டாகும். உங்கள் எக்ஸ்8 கார்டோ முன்பாதியில் உட்கார்ந்திருக்கிறது.

பதில் 2

நெட்வொர்க் போனதற்குக் காரணம் பஸ் எண், அதாவது பிசிஐஇ சாதனங்களுக்குக் கணினி வரிசையாகத் தரும் எண். புதுச் சாதனம் வந்ததும் அதற்குப் பின்னால் இருப்பவற்றின் எண் ஒன்று தள்ளிப்போகும். லான் போர்ட்டின் பெயரில் அந்த எண் இருப்பதால், இஎன்பி3எஸ்0 இப்போது இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும். நெட்பிளான் (உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் கருவி) இன்னமும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பெயரை மட்டும் திருத்தாதீர்கள். இரண்டாவது எஸ்எஸ்டி தெரிய ஆரம்பித்ததும் எண் மறுபடி நகரும். நெட்பிளான் கோப்பில் 'மேட்ச்' கீழே மேக் முகவரியை (லான் போர்ட்டின் வன்பொருள் எண்) கொடுத்து, 'செட்-நேம்' மூலம் லான்0 மாதிரி ஒரு பெயரைக் கட்டிப்போடுங்கள். உள்தள்ளலுக்கு டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டும். பிறகு 'நெட்பிளான் டிரை'. 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். பெயர் உடனே மாறாவிட்டால் ரீபூட் செய்யுங்கள்.

எஃப்ஸ்டேபிலும் (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) இதே வம்புதான். என்விஎம்இ0, என்விஎம்இ1 வரிசையை நம்பாமல் யுயுஐடி (டிஸ்க் பகுதியின் தனி அடையாள எண்) கொடுங்கள்.

பதில் 3

இரண்டும் தெரிந்த பிறகு சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு எல்எஸ்பிசிஐ -விவி (பிசிஐஇ சாதன விவரம் காட்டும் கட்டளை) ஓட்டி, எஸ்எஸ்டிக்கு நேரே 'லிங்க்ஸ்டா' (இணைப்பு நிலை) வரியைப் பாருங்கள். ஜென்3 (பிசிஐஇ மூன்றாம் தலைமுறை) என்றால் 8 ஜிடி (ஒரு லேனின் வேகம்), எக்ஸ்4 (4 லேன்) என்று வர வேண்டும். எக்ஸ்1 என்று இருந்தால் வேகம் நொடிக்கு 1 ஜிபியைத் தாண்டாது. பவரை அணைத்து கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் நேராக அழுத்திப் போடுங்கள். டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பதிவு) ஏஇஆர் பிழைகள் (பிசிஐஇ இணைப்புப் பிழைகள்) கொட்டினால், பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். ஜென்4 எஸ்எஸ்டியை மலிவான கார்டில் போட்டால் இது வரும்.

கேட்டவர்

நெட்வொர்க் சரி. பயாஸில் 8-8, 8-4-4 மட்டும்தான் இருக்கின்றன, 4-4-4-4 இல்லை.

பதில் 1

அப்படியானால் அந்தக் கார்டு உங்கள் போர்டுக்கு ஒத்துவராது. நான்கு சாக்கெட் உள்ள எக்ஸ்16 கார்டு வாங்கி 8-4-4 போடுங்கள். வழக்கமாக 1, 3, 4 வேலை செய்யும், 2 சும்மா கிடக்கும். லேன்களைத் தானே பங்கிடும் பிசிஐஇ ஸ்விட்ச் சிப் உள்ள கார்டுக்குப் பைஃபர்கேஷனே தேவையில்லை, ஆனால் விலை அதிகம், சூடும் அதிகம். இரண்டு எஸ்எஸ்டிக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.