ரசாயன வாசனை வில்லை வேண்டாம்: பாத்ரூம் நாற்றத்துக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

மாடிவீட்டு அம்மா (கேள்வி)

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையை ஒட்டிய பாத்ரூமுக்கு ஜன்னல் இல்லை. மேலே சின்ன வென்டிலேட்டர் ஒன்றுதான், அதுவும் டக்ட் பக்கம் திறக்கிறது.

என் மகனுக்கு ஆறு வயது, வீசிங் உண்டு. போன மாதம் சுவரில் மாட்டும் ஜெல் பாக்கெட்டைப் புதிதாக மாற்றிய அன்று ராத்திரி முழுக்க இருமினான். விடியற்காலை மூன்று மணிக்கு நெபுலைசர் வைத்தோம். வாசனைப் பொருள் எதுவும் அவன் பக்கத்தில் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இப்போது நாற்றம் தாங்கவில்லை. எலுமிச்சைத் தோலில் கிராம்பு குத்தி வைத்தேன், மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது. கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொங்கவிட்டேன், ஒரு வாரத்தில் கரைந்து போனது. மாமியார் சாம்பிராணி போடச் சொல்கிறார். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் நாற்றம் இன்னும் மோசம். என்ன செய்வது?

வெட்டிவேர் கடலூர்

வெட்டிவேர் வையுங்கள் அக்கா. எங்கள் பக்கம் கடலோர மணலில் பயிர் செய்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு கைப்பிடி வேரைக் கழுவி, சின்ன மண்சட்டியில் வேர் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு மூலையில் வையுங்கள். காய்ந்த வேரில் மணம் அவ்வளவாக இருக்காது, ஈரம் பட்டால்தான் கிளம்பும். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். வாரம் ஒரு நாள் வெயிலில் காய வைத்து எடுத்தால் அதே வேர் ரொம்ப நாள் வரும்.

குழாய் வேலை 22 வருஷம்

அம்மா, மணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் சொன்னதுதான். ஆள் புழங்காத நாலு நாளில் நாற்றம் கூடுகிறது என்றால், அது தரை அழுக்கு நாற்றம் இல்லை. சாக்கடைக் காற்று மேலே ஏறி வருகிறது.

தரையில் தண்ணீர் போகும் இடத்தில் ஜாலிக்குக் கீழே நஹானி டிராப் இருக்கும். அதில் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. வெயில் காலத்தில் சில நாள் புழங்காவிட்டால் அது வற்றிவிடும், அழுகிய முட்டை மாதிரி வாடை நேராக வீட்டுக்குள் வரும். அதற்கு மேல் என்ன மணம் வைத்தாலும் இரண்டும் கலந்துதான் அடிக்கும்.

இன்று ராத்திரி இதைச் செய்து பாருங்கள். ஜாலியில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பாலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி இறுக்கிக் கட்டி, ஜாலியை முழுக்க அடைத்தாற்போல் மேலே வையுங்கள். காலையில் பாத்ரூமில் நாற்றம் குறைந்திருந்து, பையைத் தூக்கியதும் குப்பென்று அடித்தால் கோளாறு அங்கேதான். ஜாலியைக் கழற்றி முடி, சோப்புச் சேறு எல்லாவற்றையும் எடுங்கள். ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. தினமும் புழங்கியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் டிராப் விரிசல் விட்டிருக்கும், இல்லாவிட்டால் காற்று போகும் வென்ட் பைப் அடைத்திருக்கும். அது வீட்டுக்காரர் சரி செய்து தர வேண்டிய வேலை, தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. போர் தண்ணீர் என்றால் கம்மோடுக்குப் பின்னால் மஞ்சளாக உப்புப் படிந்திருக்கும். மூத்திர வாடையைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் படிவுதான். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கேளுங்கள். ஒரு மக் வெந்நீரில் இரண்டு பெரிய ஸ்பூன் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிரஷ் போடுங்கள். டைல்ஸில் தாராளமாகச் செய்யலாம். கடப்பா கல், மார்பிள் மேல் ஊற்றாதீர்கள், அரித்துவிடும். அந்த நேரத்தில் பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், வீசிங் பிள்ளை இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து.

தோல் கரைசல் கோவை

எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை வீணாக்காதீர்கள். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி இடம் விட்டு 90 நாள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடிக்கும். வடிகட்டித் தண்ணீரில் கலந்து தரை கழுவலாம்.

இரண்டு பிள்ளைக்காரி, திருச்சி

தங்கச்சி, என் பெரியவனுக்கும் வீசிங்தான், அதனால் சொல்கிறேன். சாம்பிராணி வேண்டவே வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புகை எதிலிருந்து வந்தாலும் அந்த நெஞ்சுக்குப் புகைதான். கற்பூரத்தையும் பிள்ளை கைக்கு எட்டும்படி விடாதீர்கள், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். பாச்சை உருண்டை கூடவே கூடாது. ஜி6பிடி (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்த அணுக்களை உடைக்கும்.

வாசனை இல்லாமல் வாடையை மட்டும் இழுக்க, நான் வைத்திருப்பது இரண்டுதான். அகலமான கிண்ணத்தில் ஆப்ப சோடா, மாதம் ஒரு முறை மாற்றுவேன். துணிப்பையில் சிரட்டைக்கரி, வாரம் ஒரு முறை மொட்டை மாடி வெயிலில் போடுவேன். சிலர் சோடாவில் வினிகரை ஊற்றி வைக்கச் சொல்கிறார்கள். நுரைத்து முடிந்ததும் இரண்டின் வேலையும் தீர்ந்துவிடும், அப்படிச் செய்யாதீர்கள்.

மாடிவீட்டு அம்மா

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணா சொன்ன மாதிரி பையை வைத்தேன், காலையில் தூக்கியதும் அந்த வாடைதான்! ஜாலிக்குக் கீழே ஒரு பந்து முடி இருந்தது, கூடவே பழைய ஷாம்பு சாஷே இரண்டு. டிராப்பும் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து மாற்றித் தந்தார். எலுமிச்சை உப்பு இரண்டு தடவை போட்டதில் மஞ்சள் கறை போய்விட்டது. கரிப்பை மட்டும் தொங்குகிறது. பையன் ஒரு வாரமாக இருமாமல் தூங்குகிறான்.

வெட்டிவேர் வாங்கி வைத்திருக்கிறேன் தம்பி. பாத்ரூமில் இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஹாலில் ஜன்னலோரம் நாலு நாள் வைத்து அவனுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.