நான்கு நிமிடத்தில் வேலை போனது; இப்போது நானாக விலகுவதாக எழுதிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பள்ளத்தூர்க்காரி (வியாழன் இரவு)

நாளை மாலை 6 மணிக்குள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அனுப்பலாமா, கூடாதா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 7 ஆண்டு 3 மாதம் வேலை பார்த்திருக்கிறேன். மென்பொருள் சோதனைப் பிரிவில் குழுத் தலைவர். 2020 ஊரடங்கில் செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவள், நிறுவனத்தின் அனுமதியோடு இங்கிருந்தே வேலையைத் தொடர்ந்தேன். எங்கள் வீடு பங்காளிகள் ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்கு, பொதுவான பழைய வீடு. வளவின் (உள்முற்றத்தின்) கிழக்குப் பக்கத்து அறை எங்கள் பங்கு. அப்பத்தாவின் சீர்ச் சாமான்கள் அடுக்கிக் கிடந்த அந்த அறையில், பித்தளையை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மேசை போட்டேன். அதுதான் என் அலுவலகம்.

செவ்வாய்க்கிழமை காலை 10.10க்கு ஓர் அழைப்பு வந்தது. தலைப்பு "முக்கியத் தகவல்". நேரம் 10.30, கால அளவு பதினைந்து நிமிடம். உள்ளே போனால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். எல்லோருடைய மைக்கும் அணைக்கப்பட்டிருந்தது. எழுதிக் கேட்கவும் வழி இல்லை. மனிதவளத் துறையில் இருந்து ஒரு பெண் பேசினார். ஏழு ஆண்டில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் திருப்பாமல் ஒரு தாளை வாசித்தார். இந்த அழைப்பில் இருப்பவர்களின் பணியிடங்கள் இனித் தேவைப்படவில்லை, இது இறுதி முடிவு, மற்ற விவரம் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வரும் என்றார். நான்கு நிமிடம். அவர் நன்றி சொல்லி முடித்தபோது என் மடிக்கணினி கடவுச்சொல் கேட்டு நின்றது. என் கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை.

காலை 9 மணிக்கு ஒரு சோதனையை ஓடவிட்டிருந்தேன். வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டிய வேலை. எங்கே பிழை வருகிறது என்று என் குழுப் பையனுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், பாதியில் நிற்கிறது. அந்தக் குறிப்பை முடிக்க ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் நிறுவனத்துக்கு என்ன குறைந்திருக்கும்? என் கையில் இருந்து எதைக் காப்பாற்றினார்கள்? என் குழுவில் ஆறு பேர். அவர்களில் இன்னும் இருவருக்கும் வேலை போயிருக்கிறது என்பது வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது.

அன்று மாலை தொலைபேசியில் ஒருவர் அழைத்தார். நீங்களே விலகுவதாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் நல்லபடியாகப் பணிவிடுவிப்புக் கடிதமும் தருவோம். இல்லாவிட்டால் பணிநீக்கம் என்று பதிவாகும், அடுத்த வேலை கிடைப்பது கடினம் என்றார். குரல் இனிமையாகத்தான் இருந்தது. இதையெல்லாம் எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். படிவத்தின் இணைப்பு மட்டும் வந்திருக்கிறது.

அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபாய். மொத்தம் 96,000. அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் இப்படித்தான் அழைப்போம்) இரண்டு ஆண்டுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். அந்தச் செலவை நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடுதான் ஏற்றது. அதுவும் இந்த மாதத்தோடு போய்விடும்.

இன்னொன்று. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு, திறக்காத மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பத்தரை மணிக்கு அப்பச்சி காப்பி கொண்டுவருகிறார். நான் கூட்டத்தில் இருப்பதாக நினைத்து, டம்ளர் மேசையில் படும் ஓசைகூடக் கேட்காமல் வைத்துவிட்டுப் போகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சங்கத்துத் தோழர், சோழிங்கநல்லூர்

தங்கை, அந்தப் படிவத்தை நிரப்பாதீர்கள். நிரப்பிய நொடியில் இது ஆட்குறைப்பு இல்லை, நீங்களாக விலகியது என்று ஆகிவிடும். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. உங்களை அவசரப்படுத்துவதற்குக் காரணமே அதுதான்.

1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அடிப்படை ஒன்றுதான். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய, காரணம் சொல்லி ஒரு மாத எழுத்துவழி அறிவிப்பு கொடுக்க வேண்டும். அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அதோடு, நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. உங்களுக்கு ஏழு ஆண்டு என்றால் ஏறத்தாழ மூன்றரை மாதச் சம்பளம். அறிவிப்பு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் நீட்டுவது இரண்டு மாத அடிப்படைச் சம்பளம். அடிப்படை என்பது மொத்தச் சம்பளத்தில் பாதி என்றால், அது உங்களுடைய ஒரே ஒரு மாதச் சம்பளம்.

"நீங்கள் குழுத் தலைவர், தொழிலாளி ஆக மாட்டீர்கள்" என்று சொல்லிப் பார்ப்பார்கள். பதவியின் பெயரை வைத்து அது முடிவாவதில்லை; முதன்மையாக என்ன வேலை செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவாகும். நீங்களே சோதனை செய்தீர்கள், குறிப்பு எழுதினீர்கள். ஆளை எடுக்கவோ நீக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? இல்லையென்றால் வாதம் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 2015 ஜனவரியில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் பெண் ஊழியர், தானும் தொழிலாளிதான் என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியதும் நினைவிருக்கட்டும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. ஐந்து ஆண்டு தாண்டியதால், நீங்களாக விலகினாலும் ஆட்குறைப்பில் போனாலும் அது உங்கள் பணம். 48,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 7ஆலும் பெருக்குங்கள்: 1,93,846 ரூபாய். அதைத் தங்கள் தயவுபோலச் சொல்லி அந்த இரண்டு மாதத்தோடு கலந்து காட்டினால் ஏமாறாதீர்கள்.

நாளை காலையே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் விலகவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை நீக்கியிருந்தால் காரணத்தோடு உத்தரவை எழுத்தில் தாருங்கள்." இவ்வளவு போதும். கோபமாக ஒரு சொல்கூட வேண்டாம். அடுத்த கட்டம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர்.

காப்பீட்டுக்கு: அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். கடைசி நாளுக்கு முன்பே, எழுத்தில். அப்பாவின் இதய நோய்க்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். மாற்றிக்கொண்டால் இதுவரை காத்த காலம் கணக்கில் வரும்.

கண்டனூர் தம்பி

தோழர் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுக்கு முன்பு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த நிறுவனம் பழைய நிறுவனத்தில் விசாரித்தபோது "தானாக விலகினார்" என்றே பதில் போனது. நாற்பது நாளில் வேலை கிடைத்தது. என்னோடு இருந்தவர் மறுத்தார். இன்னும் தேதி வாங்கிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கடன் இருப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆச்சி (அக்கா), நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தியது இன்றைக்கும் உறுத்துகிறது.

தேவகோட்டைக்காரன்

அந்தத் தாளை வாசித்த பக்கத்தில் இருந்தவன் நான். பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில் ஒன்பது ஆண்டு. 2023இல் ஒரே நாளில் பதினொரு பேருக்குச் சொன்னேன். எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டியல் எங்களிடம் வரும்போது அதில் ஊழியர் எண், ஊர், சம்பளம், பிரிவு இருக்கும். எத்தனை ஆண்டு உழைத்தார் என்பது இழப்பீட்டுக் கணக்குக்காக மட்டும் இருக்கும். என்ன செய்தார் என்பது இருக்காது. வாசிக்க வேண்டிய தாளை வழக்கறிஞர்கள் எழுதுவார்கள். "வருந்துகிறேன்" என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். தவறை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று மறுத்துவிட்டார்கள். கேள்வி கேட்டால் "இப்போது அதைப் பற்றிப் பேச இயலாது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும், பிறகு அழைப்பை முடிக்க வேண்டும். கணினியை எத்தனை மணிக்குத் துண்டிப்பது என்பது முந்தைய நாளே தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய்விடும். போகிறவர் கோபத்தில் எதையாவது அழித்துவிடுவார், எடுத்துப் போவார் என்ற பயம். என் ஒன்பது ஆண்டில் அப்படிச் செய்தவர் ஒருவரும் இல்லை.

உலகம் முழுக்க இந்த முறை ஒன்றைப் பார்த்து ஒன்று பரவியது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் தலைவர் ஏறத்தாழ 900 பேரை ஒரே காணொலி அழைப்பில் நீக்கினார். ஊரே கண்டித்தது, மன்னிப்பும் கேட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 4 அன்று ட்விட்டரில், இருப்பவர்களுக்கு அலுவலக மின்னஞ்சலுக்கும் போகிறவர்களுக்குச் சொந்த மின்னஞ்சலுக்கும் செய்தி போனது. எந்தப் பெட்டிக்கு வருகிறது என்பதே தீர்ப்பு. 2023 ஜனவரி 20 அன்று கூகுள் 12,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, கணினிக்குள் நுழைய முடியாமல் போன பிறகே பலருக்கு விஷயம் தெரிந்தது. கண்டிக்கப்பட்ட முறையே ஓராண்டுக்குள் வழக்கமான முறை ஆகிவிட்டது.

நான் சொன்ன பதினொரு பேரில் ஏழாவது ஒரு பெண். முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார். அதற்குப் பதில் தாளில் இல்லை. அந்த ஆண்டே வேலையை விட்டுவிட்டேன்.

உங்கள் படிவம் பற்றி: ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காது. அந்த நேரம் உங்களை அவசரப்படுத்த வைத்தது.

செக்காலைப் பெரியவர்

அம்மா, எனக்கு 78 வயது. என் அப்பச்சி பினாங்குக் கிட்டங்கியில் (செட்டியார் கடையில்) பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்து, முதலாளியின் முகவருக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரை உயர்ந்தவர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் காலத்தில் சம்பளச்சீட்டு (வேலை ஒப்பந்தம்) எழுதுவார்கள். மூன்று ஆண்டுக் கணக்கு. நாள் பார்த்து, எதிரே உட்கார வைத்து எழுதுவது. மூன்று ஆண்டும் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாது. அதை நான் நல்ல ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். என் ஆத்தா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கடையை மூடியபோது முதலாளி ஊரில் இருந்து கப்பலில் போனார். கணக்குப் பேரேட்டை எதிரே விரித்து, ஒவ்வொருவருக்கும் பாக்கி என்ன என்று வாய்விட்டுப் படித்தார். அப்பச்சிக்குக் கப்பல் செலவும் கொடுத்தார். முதலாளி அழுதார் என்று அப்பச்சி சொல்வார். அழுததற்காகச் சொல்லவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

உன் அப்பச்சியிடம் நீ சொல். ஸ்டென்ட் வைத்தவர் என்று பயப்படாதே. காலையில் காப்பி குடித்து, மாத்திரை போட்ட பிறகு முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது சொல். பணக் கணக்கையும் சேர்த்துச் சொல். எங்கள் தலைமுறைக்கு எண் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பள்ளத்தூர்க்காரி (சனி மாலை)

எல்லோருக்கும் நன்றி. படிவத்தை நிரப்பவில்லை. தோழர் சொன்ன வாக்கியங்களை அப்படியே வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு அனுப்பினேன். நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார்கள். நான்கு முறையும் "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஆறு மணி வந்தது, போனது. காப்பீட்டுக்கும் எழுதிவிட்டேன். கண்டனூர் தம்பி, உங்கள் சூழ்நிலையில் நான் இருந்தால் நானும் எழுதிக் கொடுத்திருப்பேன். அதை உறுத்தலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பச்சியிடம் சொன்னேன். பெரியவர் சொன்னபடி எண்களோடு சொன்னேன். 1,93,846ஐ நாளிதழின் ஓரத்தில் எழுதி, தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். பிறகு, "உன் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீ பேசினாயா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. என் துக்கத்திலேயே இருந்துவிட்டேன். யாரோ ஒருத்தி தாளைப் படித்துவிட்டுப் போனாள் என்று இங்கே எழுதிய நானும், என் குழுவினரை மூன்று நாளாக அழைக்கவில்லை.

நேற்று இரவு முதலில் அந்தப் பையனை அழைத்து, பாதியில் நின்ற குறிப்பின் மீதியைச் சொன்னேன். அவன் வேலையில் இருக்கிறான். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான், நடுவில் குரல் உடைந்தது. பிறகு வேலை போன இருவரிடமும் பேசினேன். ஒருவர் திருநெல்வேலி, அவர் படிவத்தைத் தொடவில்லை. இன்னொருவர் சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர், கைக்குழந்தை வைத்திருக்கிறார். பயந்துபோய் புதன்கிழமையே நிரப்பி அனுப்பிவிட்டார். தோழர், அதைத் திரும்பப் பெற முடியுமா?

சங்கத்துத் தோழர், சோழிங்கநல்லூர்

விலகல் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பணி ஒப்பந்தத்தில் வேறு விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டாயப்படுத்தியதால் நிரப்பினேன், திரும்பப் பெறுகிறேன் என்று இன்றிரவே எழுதச் சொல்லுங்கள். யார், எப்போது அழைத்தார் என்பதற்கு அழைப்புப் பதிவைப் படம் எடுத்து வைக்கட்டும். அவருடைய கடைசி நாள் எது?

பள்ளத்தூர்க்காரி

மாதக் கடைசி. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இப்போதே அழைக்கிறேன்.