தேயிலைக்கு மார்க் போடுவது நாக்கா, மெஷினா?

உப்புவெளித் தம்பி:
கொழும்பு ஏலத்துக்குப் போகிற தேயிலையை இன்னும் ஆட்கள் உறிஞ்சித் துப்பிப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். சாயத்தின் பளிச்சென்ற நிறமும் நாக்கில் சுறுக்கென்று பிடிக்கிற தன்மையும் பெரும்பாலும் தியாஃபிளேவின் என்ற, கொழுந்து கறுப்புத் தேயிலையாக மாறும்போது உண்டாகிற பொருளால் வருபவை, அதை லேபில் அளந்துவிடலாம். தடிமன் பிடித்து மூக்கடைத்தால் நாக்கு ஏமாற்றும், மெஷினுக்குத் தடிமன் வராது.

கிண்ணியாக்கா:
தம்பி, தியாஃபிளேவின் மட்டும் பார்த்தால் ஊவா மாகாணத் தேயிலையை என்ன செய்வீர்கள்? ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றடிக்கும்போது பறிக்கிற கொழுந்துக்கு மவுசு அதன் வாசத்தால்தான், அதைத் தருவது மெதைல் சாலிசிலேட் என்ற பொருள், கிட்டத்தட்ட நோவுத் தைலம் மாதிரி அடிக்கும். அது எந்த அளவில் மணம், எந்த அளவில் மிஞ்சிப்போச்சு என்று மெஷினுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஒரு ஆள் முதலில் குடித்து மார்க் போட்டால்தானே மின்நாக்கையே, அதுதான் சுவை அறிகிற மெஷினையே, பழக்கலாம்!

டொக்யார்ட் வீதி:
இரண்டு பேரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். திருகோணமலையில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் எந்தத் தோட்டத்து பிஓபிஎஃப் (பொடியாக உடைந்த தேயிலை ரகம்) போட்டாலும் சாயம் மங்கலாக இறங்கும், கொஞ்சம் ஆறவிட்டால் மேலே மெல்லிய ஆடை படரும், குடித்து முடித்தால் கோப்பையில் பழுப்பு வளையம். தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியமும் பைகார்பனேட்டும் பார்க்கிற வேலை. அதே பக்கெட் தேயிலையைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் வேறு தேயிலை என்றே சொல்வீர்கள். அப்புறம் லேப் மார்க்கை வைத்து நான் என்ன செய்ய?

உப்புவெளித் தம்பி:
அதற்குத்தானே அண்ணை ஐஎஸ்ஓ 3103 இருக்கு, சோதனைக்குத் தேநீர் ஊற்றுகிற சர்வதேச முறை. 100 மில்லிக்கு 2 கிராம், கொதிக்கிற தண்ணீர், வெள்ளைப் பீங்கான், மூடி வைத்து 6 நிமிஷம். எல்லாரும் ஒரே மாதிரி ஊற்றினால்தான் ஒப்பிடலாம், ருசித்துக் குடிப்பதற்கான செய்முறை இல்லை அது.

டொக்யார்ட் வீதி:
அதை முழுக்க வாசியும் தம்பி. தேயிலை எந்த ஊரில் குடிக்கப்படுமோ, அந்த ஊர்க் குடிநீரைப் போன்ற தண்ணீராக இருக்கவேண்டும் என்றும் அதிலேயே இருக்கு.

கிண்ணியாக்கா:
ஓம், சரியான இடத்தில் பிடித்தீர்கள். நாங்கள் சீனி போட்டுக் குடிப்பதை எந்த லேபும் கணக்கெடுப்பதாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

உப்புவெளித் தம்பி:
சரி, எந்தத் திருகோணமலைத் தண்ணீர்? கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரா, கடலோரத்துக் கிணறா? நீங்கள் இரண்டு பேரும் ஒன்றைத் தீர்மானியுங்கள். அதுவரை என் வோட்டு மெஷினுக்குத்தான்.