"புத்தம் புதுசு, சுடாதது" என்று வந்த மறுவிற்பனைத் துப்பாக்கிகள்: பார்த்ததை எழுதுங்கள்

பதிவு 1

ஒரு 1911 பிஸ்டல் (1911 என்பது மாடலின் பெயர்). பெட்டி சரி, பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணும் ஃப்ரேமில் (அடிச்சட்டத்தில்) இருப்பதும் ஒன்று, இரண்டு மேகசினும் (தோட்டா அடுக்கும் கூடு) உறை பிரிக்காமல் இருக்கின்றன. குழலுக்குள் விளக்கடித்தால் ஒரு பொட்டு கரி கிடையாது. ஃப்ரேமைத் திருப்பி இடது பக்கத்தைப் பார்த்தால், ஸ்லைடு ஸ்டாப்புக்கு (மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைக்கும் நெம்புகோல்) கீழே பிறை வடிவில் மெல்லிய கீறல்.

1911 கழற்றி மாட்டியவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்காக: ஸ்லைடு ஸ்டாப்பைத் திரும்பப் போடும்போது அதன் பின்பக்க நுனி, ஸ்பிரிங்கில் நிற்கும் சின்ன பிளஞ்சரைத் தாண்டி உட்கார வேண்டும். நுனியை ஃப்ரேமிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்து, பிளஞ்சருக்கு நேரே கொண்டு வந்து உள்ளே தள்ள வேண்டும். கீழிருந்து சுழற்றி ஏற்றினால் நுனி ஃப்ரேமில் கோடு போட்டுக்கொண்டே போகும். விற்றவர் சொன்னது: "ஒரு தோட்டா கூட சுடவில்லை, எண்ணெய் போடத்தான் ஒரு தடவை கழற்றினேன்." அது உண்மைதான், குழலே சாட்சி. உறுத்துவது இதுதான்: சுடாதது என்ற பாதி உண்மை, புதுசு என்ற பாதி பொய். இரண்டும் ஒரே வரியில்.

பதிவு 2

முதல் பதிவு போட்டவர் மேல் ஒரு சின்ன மனத்தாங்கல். "சுடாதது" என்பதையும் அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது. பெரிய தயாரிப்பாளர்களின் துப்பாக்கி எல்லாம் தொழிற்சாலையிலேயே சுட்டுப் பார்த்துத்தான் வெளியே வருகிறது. ஐரோப்பாவில் சி.ஐ.பி. (துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச அமைப்பு) விதிப்படி ப்ரூஃப் ஹவுஸ் (சோதனைக் கூடம்) முத்திரை வாங்கியவை, ரைஃபிளானால் உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலான தோட்டாவைத் தாங்கிக் காட்டியவை. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் 2000-லிருந்து 2015 வரை புதுக் கைத்துப்பாக்கியோடு சுட்ட தோட்டாக் கூடு ஒன்றையும் உறையில் போட்டு அனுப்பச் சட்டமே இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டியில் உறையைப் பார்த்து "யாரோ சுட்டிருக்காங்க" என்று பதறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு .357 ரிவால்வரை இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். சிலிண்டரின் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) முன்முகத்தில் இரண்டு அறைகளைச் சுற்றி மட்டும் மங்கலான கரி வளையம், மற்ற அறைகள் சுத்தம். வாங்கிச் சுடுகிறவர் சிலிண்டரை நிரப்பித்தான் சுடுவார், எல்லா அறையிலும் வளையம் இருக்கும். இரண்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் தொழிற்சாலைச் சோதனைதான். மேலே டாப் ஸ்ட்ராப்பின் (சிலிண்டருக்கு மேலே ஓடும் சட்டம்) அடியில், குழலும் சிலிண்டரும் சேரும் இடுக்குக்கு நேர் மேலே, தீ அரித்த கோடு விழ ஆரம்பித்திருந்தால் அது வேறு கதை. ஃபோர்சிங் கோன் (குழலின் பின்வாய்) ஓரத்தில் ஈயம் தெறித்திருந்தாலும் வேறு கதை. இதில் இரண்டுமே இல்லை. நல்ல புது ரிவால்வரைத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது கேள்வி: திரும்பி வந்ததை டீலர் என்னவென்று எழுதி விற்பது?

பதிவு 3

மேலே கேட்ட கேள்விக்குப் பதில், கரியிலோ வளையத்திலோ இல்லை. துப்பாக்கி கை மாறியதா இல்லையா என்பதில் இருக்கிறது.

என்.ஆர்.ஏ. (அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர் சங்கம்) தர வரையறையில் "புதியது" என்றால் இரண்டு நிபந்தனை: இதற்கு முன் சில்லறையில் விற்கப்படாதது, இப்போது தொழிற்சாலையிலிருந்து வருவதன் நிலையிலேயே இருப்பது. இரண்டும் வேண்டும். எல்லா வகையிலும் புதுசு போலவே இருந்து, ஒரு தடவை விற்கப்பட்டிருந்தால் அடுத்த படி, "பெர்ஃபெக்ட்". ஆக, வாங்கி அலமாரியில் வைத்து, தொடாமல் விற்றாலும் அது புதியது ஆகாது. கசப்பாக இருந்தாலும் இதுதான் கணக்கு.

அந்த ரிவால்வரை வாங்க வந்தவர், அவர் ஊர் டீலரின் கவுன்ட்டரில் பார்த்துவிட்டு, 4473 படிவம் (வாங்குபவர் நிரப்பும் அமெரிக்க அரசுப் படிவம்) முடிவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தால், டீலரிடமிருந்து டீலருக்குப் போய் வந்தது மட்டுமே. சில்லறை விற்பனை நடக்கவில்லை, இன்னும் புதியதுதான். படிவம் முடித்து, பின்னணிச் சோதனை முடிந்து, வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டு வந்திருந்தால், டீலர் அதைத் தன் பதிவேட்டில் மறுபடி வரவாக ஏற்றியாக வேண்டும். அங்கேயே புதியது என்ற பெயர் போய்விட்டது, ஒரு விரல் ரேகை கூட இல்லாமல் இருந்தாலும்.

"பதிவேட்டில் அப்படி எழுதியிருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மாடல், சீரியல் எண், வகை, காலிபர், வந்த தேதி, யாரிடமிருந்து என்று கேட்கும். புதுசா பழசா என்று கேட்காது. அமெரிக்க ஃபெடரல் துப்பாக்கிச் சட்டத்துக்கு அந்தப் பாகுபாடே தேவையில்லை. அதனால்தான் பலர் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள். ஆனால் வணிகச் சட்டத்துக்குத் தேவை. யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு (அமெரிக்க மாநிலங்களின் பொது வணிகச் சட்டம்) 2-313 பிரிவின்படி, பேரத்துக்கு அடிப்படையாக நின்ற வர்ணனை எதுவானாலும் அதுவே உத்தரவாதம். "புதியது" என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு "நான் ஒன்றும் உறுதி தரவில்லையே" என்று பின்னால் சொல்ல முடியாது.

வாரன்ட்டியைச் சேர்த்துப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் முதல் வாங்குபவருக்கு மட்டும்தான் தருகிறார்கள். நிரப்பாத வாரன்ட்டி கார்டு, பிரிக்காத கவர் எல்லாம் இருந்தும், இரண்டாம் கை வாங்கியவர் எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்து பழுதுக்கு அனுப்பும்போது கூரியர் செலவு அவர் தலையில். புதியது என்ற பெயருக்குப் பணம் கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார் என்று அப்போதுதான் தெரியும்.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: கவுன்ட்டரிலேயே பாருங்கள், படிவத்தை முடிக்கும் முன் பாருங்கள். பெட்டி எண்ணையும் துப்பாக்கி எண்ணையும் ஒப்பிடுங்கள். இணையத்தில் விற்பவர்கள் பலர் மூன்று நாள் பார்வை அவகாசம் தருகிறார்கள். சுட்டாலோ கழற்றினாலோ அது செல்லாது. "கழற்றாமல் எப்படிப் பார்ப்பது" என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பதிவு 4

ஒரு க்ளாக் பிஸ்டல். ஸ்லைடின் உள்பக்க ரெயில் வெட்டுகளில் தொழிற்சாலை தடவும் செம்பு நிற கிரீஸ் அப்படியே இருந்தது. "பாருங்க, கிரீஸ் கூட போகலை, புதுசு" என்றார் விற்றவர். ஆனால் ப்ரீச் முகத்தில் (தோட்டாவின் பின்புறம் அழுந்தும் பரப்பு) ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஊசி) துளையைச் சுற்றிப் பித்தளை தேய்ந்த மஞ்சள் வளையம், எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குப் பின்னால் கரி. கிரீஸ் இல்லை என்றால் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருக்கிறது என்றால் ஒன்றும் அர்த்தமில்லை, செம்பு கிரீஸ் வாகன உதிரிபாகக் கடையில் டியூபில் கிடைக்கிறது.

பதிவு 5

.22 ரிம்ஃபயர் பிஸ்டல், "உண்மையிலேயே சுடாதது", பொய்யே இல்லை. ஆனால் சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் ஃபயரிங் பின் குத்திய பள்ளம். யாரோ சோபாவில் உட்கார்ந்து வெறும் ட்ரிக்கரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ரிம்ஃபயரில் பின் தோட்டாவின் விளிம்பை அடிக்க வேண்டும். தோட்டா இல்லையென்றால், தடுப்பு இல்லாத மாடல்களில், பின் சேம்பர் எஃகையே அடிக்கும். அங்கே ஒரு முனை உள்ளே பிதுங்கும். தோட்டா ஏறாது, ஏறினால் கூடு வெளியே வராது. சேம்பர் அயர்னிங் கருவியால் பிதுங்கியதை வெளியே தள்ளலாம், ஆனால் அது பழுது பார்த்த துப்பாக்கி. எண்ணிக்கைப்படி சுட்டது பூஜ்யம். பதிவு 1 சொன்ன பாதி உண்மை இதுதான்.

பதிவு 6

முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் தேய்மானத்தையே பார்க்கிறீர்கள். தேயாமலே கெட்டுப்போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ரெமிங்டன் 700 ரைஃபிள், 2010 வாக்கில் வாங்கியது, பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை, போல்ட் லக்கில் (பூட்டும் முனைகளில்) பூச்சு முழுசாக இருந்தது. அவரிடமிருந்து இப்போது வாங்கியவர் மகிழ்ச்சியாக ரேஞ்சுக்கு (சுடும் களம்) கிளம்பினார். உள்ளே இருந்தது எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர். 2006 மே 1-லிருந்து 2014 ஏப்ரல் 9 வரை செய்தவற்றைத் தானாக வெடிக்கும் ஆபத்து என்று சொல்லி 2014-இல் திரும்பக் கேட்டார்கள். வெளியே எடுத்துப் பயன்படுத்தியவர்களில் பலர் அனுப்பிச் சரி செய்துகொண்டார்கள். பெட்டியில் தூங்கிய துப்பாக்கிக்குத்தான் யாரும் செய்யவில்லை. எவ்வளவு "புதுசோ" அவ்வளவு ஆபத்து. பழைய கையிருப்பு எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுத் திரும்பக்கோரல் பட்டியலைப் பாருங்கள், தோட்டாவைத் தொடுவதற்கு முன்னால்.

அடுத்தது எண்ணெய். ஆண்டுக்கணக்கில் நின்ற எண்ணெய் பசையாகி வார்னிஷ் போல் இறுகும். ஃபயரிங் பின் தடத்தில் அப்படி இறுகினால் பின் மெதுவாகப் போகும், பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் பகுதி) லேசான குத்து விழும், தோட்டா வெடிக்காது. "புதுத் துப்பாக்கி வேலை செய்யவில்லை" என்று சண்டை வரும். போல்ட்டைக் கழற்றி, கரைப்பான் ஊற்றி, உலர்த்தி, மிக மெல்லியதாக எண்ணெய் போட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

மூன்றாவது, நுரை வைத்த பெட்டி. நுரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். நுரை தொட்ட அடிப்பக்கத்தில், முக்கியமாக ட்ரிக்கர் கார்டின் கீழும் குழலின் அடியிலும், ஊசிமுனை அளவு துருப் புள்ளிகள். புகைப்படம் எப்போதும் மேல்பக்கத்தைத்தான் காட்டும். அடிப்பக்கத்தையும் ஸ்டாக்கை (பிடிக்கட்டை) மாட்டும் திருகுகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திருகுத் தலையின் வெட்டு ஓரம் மழுங்கியிருந்தால், யாரோ பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திறந்திருக்கிறார்கள்.

பதிவு 7

பதிவு 3-க்கு ஒரு மறுப்பு. வரையறை சரி, நடைமுறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. டீலர் கண்ணாடி அலமாரியில் நாலு வருடம் இருந்த ரிவால்வர், சில்லறையில் விற்கவே இல்லை. வந்தவர் போனவர் எல்லாரும் எடுத்துச் சிலிண்டரைச் சுழற்றி, ஹேமரை (சுத்தியல்) இழுத்து வைத்திருக்கிறார்கள். சிலிண்டரைச் சுற்றி முழு வட்டக் கோடு, ப்ளூயிங் (எஃகின் கருநீலப் பூச்சு) போய் எஃகு தெரிகிறது. முதல் நிபந்தனையில் தேறும். இரண்டாவதில் தேறாது. நீங்களே "இரண்டும் வேண்டும்" என்றீர்கள். ஆகவே டீலர் அதையும் புதியது என்று எழுதக் கூடாது, "விற்காதது, காட்சிக்கு வைத்தது" என்று எழுத வேண்டும். எழுதுகிறவர்கள் குறைவு.

இன்னொரு குழப்பம், கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர். 1955-இல் வந்தது, 2005-இல் நின்றது, 2020-இல் திரும்ப வந்தது. "புதுப் பைத்தான்" என்றால் பாதிப் பேர் புது மாடலைச் சொல்கிறார்கள், பாதிப் பேர் பழைய மாடலில் சுடாததைச் சொல்கிறார்கள். விளம்பரத்தில் தயாரித்த ஆண்டைப் போடாமல் புதியது என்று மட்டும் எழுதுவது இங்கே நேர்மையில்லை. பழையதற்கு கோல்ட் ஆவணக் கடிதம் கேட்டால் எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்று வரும். பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம், பழைய பெட்டியின் மறுபதிப்பும் ஸ்டிக்கரும் தனியாக விற்கிறார்கள்.

விற்பவர்கள் "புதுசு" என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு நடந்ததை எழுதினால் போதும்: எந்த ஆண்டில் சில்லறையில் வாங்கியது, எத்தனையாவது கை, தொழிற்சாலைக்குப் பிறகு சுட்டதா இல்லையா, வெறும் ட்ரிக்கர் இழுத்ததா, கழற்றியதா, பெட்டியில் எது இருக்கிறது, எது இல்லை. ரிவால்வரானால் சிலிண்டர் முன்முகம், பிஸ்டலானால் ப்ரீச் முகம், ஏ.ஆர். வகை ரைஃபிளானால் போல்ட்டின் வால்பக்கமும் அப்பர் ரிசீவருக்குள் (மேல் உடல்) கேம் பின் (போல்ட்டைத் திருப்பும் முளை) உரசும் இடமும், நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு படம். கேம் பின் உரசல் கையால் நாலு தடவை இழுத்தாலே லேசாக விழும், அதைப் பார்த்து மட்டும் சுட்டது என்று முடிவு செய்யாதீர்கள். போல்ட் வாலில் இறுகிய கரி மட்டும் கையால் இழுத்து வராது.