பிளாக் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுத்த அடி விழுந்துடுது, டைமிங் எப்படி வரும்?

பாமணியாறு:
வணக்கம். மன்னார்குடி பக்கம், நாலு வருஷமா ஷோட்டோகான் கராத்தே, பிரவுன் பெல்ட். கிளாஸ்ல இப்பொன் குமிதே (ஒருத்தர் ஒரே ஒரு அடி அடிப்பார், நாம தடுத்து திருப்பி அடிக்கிற பயிற்சி) நல்லாவே வருது, ஃப்ரீ ஸ்பேரிங்னு வந்துட்டா கை லேட்டு. போன மாசம் தஞ்சாவூர்ல ஒரு மேட்ச் 4-1ல தோத்தேன், நாலுமே ஒரே மாதிரிதான் வாங்கினேன், அவர் வர்றது தெரியுது, பிளாக் பண்றேன், நான் திருப்பி அடிக்கிறதுக்குள்ள அவரோட கியாகு சூகி, அதான் பின் கை பஞ்ச், வந்து நிக்குது. வேகம் பத்தலையா? தினம் காலைல 200 பஞ்ச் போடுறேன், ஒன்னும் மாறல.

குடமுருட்டி:
தம்பி, 200ஐ 500 ஆக்குனாலும் இது மாறாது. கண்ணு பாத்து கை நகரவே சுமார் 0.2 செகண்ட் ஆயிடும், கிட்டக்க நிக்கிறவன் பஞ்ச் அதுக்குள்ள வந்து சேந்துடும். இப்பொன் குமிதேல "ஜோடான்"னு, அதாவது முகத்துக்குன்னு, சொல்லிட்டுதான் அடிக்கிறான், எங்க வரும்னு முன்னாடியே தெரியும், அதான் அங்க வருது.

அவன் அடிய தடுத்து, அது ஓயுற இடத்துல அடிச்சா கோ நோ சென். அவன் கிளம்புறப்பவே நீயும் கிளம்பி முந்துனா சென் நோ சென். அவன் முடிவு பண்ணிட்டான், உடம்பு இன்னும் நகரல, அப்பவே புகுந்தா சென் சென் நோ சென். நீ அந்த கோ நோ சென்லயே மாட்டிக்கிட்டு நிக்கிற, ஏன்னா தடுக்குறத ஒரு வேலையாவும் அடிக்கிறத இன்னொரு வேலையாவும் பண்ற. பிளாக் கை தொடும்போதே இடுப்பு திரும்ப ஆரம்பிச்சிருக்கணும்.

வெண்ணாத்தங்கரை:
அண்ணன் சொன்னது சரி, ஆனா அதுக்கு முன்னாடி தூரம் தம்பி, மாஅய்னு சொல்வாங்களே அது. ஒரு எட்டு வெச்சாதான் உன்னைத் தொட முடியும்ங்கிற தூரத்துல நின்னா அவர் காலை எடுத்தே ஆகணும், அப்ப முன் முட்டி லேசா மடங்கும், பின் குதிகால் எழும்பும், தோள் ஒரு நூல் ஏறும். நான் பசங்கள்ல அடிக்க வர்றவனோட பின் குதிகால் அடியில காஞ்ச வாழைச்சருகு வெச்சு பழக்குறேன், குதிகால் எழும்பினா சருகு சரசரங்குற சத்தம் வரும், அந்த சத்தத்துக்கு முன்னாடி எதிர்ல இருக்கிறவன் தன் உள்ளங்கைய அவன் நெஞ்சுல வெச்சிடணும். கபடில ரைடர் கால நீட்டுற அந்த நொடிதானே கணுக்கால் புடிக்கிறோம், கால் உள்ள போயிட்டா போச்சு, அதே கணக்குதான் இதுவும்.

அரசலாறு:
ஒரு சந்தேகம். கராத்தேல முதல் அடி கிடையாதுன்னு ஷோட்டோகான உருவாக்குன ஃபுனாகோஷி சொல்லியிருக்காரே, அவரோட 20 கட்டளைல ரெண்டாவதே அதானே, முந்தி அடிக்கிறது அதுக்கு எதிரா போகாதா?

குடமுருட்டி:
போகாது. சண்டைய நீ ஆரம்பிக்காதங்கிறதுதான் அது. அவன் அடிக்க முடிவு பண்ணிட்டான்னா ஆரம்பிச்சது அவன். மேட்ச்லயும் பாரு, எதிராளி கூடவே எடுக்காம முதல் பாயிண்ட் நீ எடுத்தா சென்ஷு உனக்கு, கடைசில ஸ்கோர் சமமா நின்னா ஜெயிக்கிறது நீ. அடி வரட்டும்னு காத்திருந்தா அதுவும் போயிடும்.

பாமணியாறு:
அக்கா, நேத்து சாயங்காலம் தம்பிய நிக்க வெச்சு சருகு போட்டு பாத்தேன். பத்துல ரெண்டு தடவைதான் சத்தத்துக்கு முன்னாடி தொட்டேன். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அவன் ஒவ்வொரு தடவையும் மூச்ச இழுத்து நிறுத்துறான், இத்தன வருஷம் கூட ஆடியும் நான் இத கவனிச்சதே இல்ல.

வெண்ணாத்தங்கரை:
அதேதான் தம்பி! இனிமே அந்த மூச்சு நிக்கிறப்பவே உள்ள போய்ப் பாரு. நீ கிளம்பும்போது மூச்ச புடிக்கிறியான்னும் அவன விட்டே பாக்கச் சொல்லு.